ஒமாஹா கடற்கரையில் அந்தக் காலை: அறுபது ஆண்டுகள் பேசாதிருந்த ராணுவ மருத்துவ உதவியாளரின் நினைவுகள்

இரண்டாம் உலகப் போரின் திசையை மாற்றிய நார்மண்டி தரையிறக்கம் நடைபெற்ற 1944 ஜூன் 6-ஆம் தேதி, சார்லஸ் நார்மன் ஷே என்ற அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளருக்கு வயது 19. இருபதாவது பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. அவரிடம் துப்பாக்கி இல்லை. தோளில் கட்டுத்துணிகளும் வலிமறப்பு மருந்தும் அடங்கிய இரண்டு பைகள். கையில் செஞ்சிலுவைப் பட்டை. ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்கொண்டு ஒமாஹா கடற்கரையில் முதல் அலையில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அன்று கண்டதைப் பற்றி அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஏறக்குறைய எவரிடமும் பேசவில்லை. 2007-ஆம் ஆண்டு அதே கடற்கரைக்குத் திரும்பிச் சென்ற பிறகே சொல்லத் தொடங்கினார். 2025 டிசம்பரில், தமது 101-ஆவது வயதில், அந்தக் கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரு நார்மண்டி கிராமத்தில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற நினைவுகளில் வீரச் செயல்களின் விவரிப்பு குறைவு. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சி: காயமடைந்து நீரின் ஓரத்தில் கிடந்தவர்கள், எழ முடியாமல், ஏறிவரும் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த காட்சி. அது ஏன் நேர்ந்தது என்பதை அறிய, அந்தத் தரையிறக்கம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தாழ்நீர் நேரத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

ஹிட்லரின் ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைய நேச நாடுகள் தேர்ந்தெடுத்த இடம், பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டி. கடற்கரை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வோர்டு எனக் குறிப்புப் பெயர்கள் சூட்டப்பட்டன. முதல் இரண்டும் அமெரிக்கர்களுக்கு, ஜூனோ கனடியர்களுக்கு, மற்ற இரண்டும் பிரிட்டிஷாருக்கு. ஜூன் 5-ஆம் தேதி நடைபெற வேண்டிய தாக்குதல், புயல் காரணமாக ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டது.

கரையைக் காக்கும் பொறுப்பிலிருந்த ஜெர்மானியத் தளபதி ரோமெல், தாக்குதல் உயர்நீர் நேரத்தில்தான் வரும் என்று கருதினார். அப்போது இறங்கினால் வீரர்கள் ஓடிக் கடக்க வேண்டிய மணல்வெளி குறைவு. அந்தக் கணிப்பின்படி, உயர்நீரில் மறைந்துவிடும் வகையில் கண்ணிவெடி பொருத்திய மரத்தூண்களையும் இரும்புத் தடைகளையும் கரையெங்கும் அவர் நடச் செய்தார். படகின் அடிப்பாகத்தைக் கிழிப்பதே அவற்றின் வேலை. வான்வழி எடுக்கப்பட்ட படங்களில் இவற்றைக் கண்ட நேச நாட்டுத் திட்டக்குழு, தடைகள் வெளியே தெரியும் தாழ்நீர் நேரத்தில், பொழுது விடிந்த பின் இறங்குவது என்று முடிவு செய்தது.

முடிவு அறிவுக்குப் பொருந்தியதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதைச் செலுத்தியவர்கள் முதல் அலை வீரர்கள். தாழ்நீரில் ஒமாஹாவின் மணல்வெளி ஏறக்குறைய 300 மீட்டர் அகலம். மறைவு ஏதுமில்லாத அந்த வெளிக்கு அப்பால், மேட்டின் மீது பதுங்குகுழிகளில் எதிரிகள் அமர்ந்திருந்தனர். அதைவிடக் கொடுமை, கடல் அங்கேயே நிற்கவில்லை. அப்பகுதியில் தாழ்நீருக்கும் உயர்நீருக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 6 மீட்டர். நம் நாட்டில் காம்பே வளைகுடாவின் ஓதத்தைக் கண்டவர்களுக்கு அந்த வேகம் புரியும். காலை 6.30 மணிக்கு உலர்ந்த மணலாக இருந்த இடம், சிறிது நேரத்தில் இடுப்பளவு நீராகியது. காலில் குண்டு பாய்ந்து விழுந்தவர் அசையாமல் கிடந்தால், அவரைத் தேடி எதிரி வர வேண்டியதில்லை, கடலே வந்துவிடும்.

படகுக் கதவு திறந்தபோது

ஷே, அமெரிக்காவின் முதலாவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த 16-ஆவது படைப்பிரிவில் இணைக்கப்பட்டிருந்தார். ஹென்ரிகோ என்ற போக்குவரத்துக் கப்பலில் கால்வாயைக் கடந்த அந்த வீரர்கள், கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், இருளில், அலைமேல் ஆடிக்கொண்டிருந்த சிறு படகுகளுக்கு மாற்றப்பட்டனர். நியூ ஆர்லியன்சின் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்த அந்தப் படகு ஒவ்வொன்றும் சுமார் 36 பேரை ஏற்றும். அடிப்புறம் தட்டை, முன்புறம் சாய்தளமாகக் கீழே விழும் கதவு. மணல்வரை செல்ல அந்த அமைப்பு உதவியது. ஆனால் கொந்தளித்த கடலில் படகு தக்கையைப்போல் ஆடியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அப்பயணத்தில் பெரும்பாலானோர் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்தனர் என்பதை, ஒமாஹாவில் இறங்கிய ஏறக்குறைய அனைவருமே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகள் எவையும் அன்று காலை நிறைவேறவில்லை. மேகமூட்டத்தில் தங்கள் படகுகள் மீதே குண்டு விழுந்துவிடக்கூடும் என்று தாமதித்து வீசியதால், விமானங்களின் குண்டுகள் கரை அரண்களைத் தாண்டி உள்நாட்டு வயல்களில் விழுந்தன. 16-ஆவது படைப்பிரிவுக்குத் துணையாகச் செல்ல வேண்டிய நீந்தும் டாங்கிகளில் 29 தொலைவிலேயே கடலில் இறக்கப்பட்டன. அவற்றில் 27 மூழ்கின. வலுக்குறைந்த படையே கரையைக் காக்கிறது என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. ஜெர்மனியின் 352-ஆவது டிவிஷன் முன்னதாகவே அங்கு வந்து சேர்ந்திருந்தது. நீரோட்டம் படகுகளைக் கிழக்கே தள்ளியதால், பல குழுக்கள் தாங்கள் பயிற்சி பெற்ற இடத்துக்கு மாறாக, அறிமுகமற்ற ஒரு கரையின் முன் இறங்கின.

கதவு விழுந்ததும் முன்வரிசையில் நின்றவர்கள் உடனே சுடப்பட்டு விழுந்ததாக ஷே நினைவுகூர்ந்தார். அவர் குதித்த இடத்தில் நீர் மார்பளவு. சுமையுடன் ஆழத்தில் இறங்கியவர்கள் சிலர் கரையைத் தொடாமலேயே மூழ்கினர். எதிரி நட்ட தடைகளையே மறைவாகக் கொண்டு ஒவ்வோர் அடியாக முன்னேறி, மணலுக்கு அப்பால் இருந்த சிறு மேட்டை அடைந்தார். அங்கே அமர்ந்து காயமடைந்தவர்களுக்குக் கட்டுப்போடத் தொடங்கினார்.

பின்னர் திரும்பிப் பார்த்தார். நீரின் விளிம்பில் பலர் கிடந்தனர். சிலர் அசைந்தனர். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

போரில் மருத்துவ உதவியாளரின் பணி, விழுந்தவரிடம் சென்று இரத்தப்போக்கை நிறுத்துவது, காயத்தில் கிருமிநாசினிப் பொடியைத் தூவிக் கட்டுவது, மார்ஃபின் ஊசி செலுத்துவது ஆகியவை. ஊசி போட்ட பின் வெற்றுக் குழலை அவரது சட்டைக் கழுத்தில் குத்தி வைப்பார்கள். அடுத்து வருபவர் மறுமுறை செலுத்தி உயிருக்கு ஆபத்து விளைவிக்காமல் இருக்க அது அடையாளம். இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. ஆனால் பாதுகாப்பான இடத்தை அடைந்த பின் மீண்டும் துப்பாக்கிச் சூட்டின் நடுவே கடலுக்குள் இறங்கி, மூழ்குபவர்களை இழுத்து வர வேண்டும் என்று எந்தப் பயிற்சிக் கையேடும் கூறவில்லை. ஷே இறங்கினார். குப்புறக் கிடந்தவர்களை மல்லாக்கத் திருப்பி, அக்குளுக்குக் கீழே கைகொடுத்துப் பிடித்து, மணல்மேல் இழுத்து வந்தார். பிறகு அடுத்தவருக்காகத் திரும்பிச் சென்றார். நனைந்த சீருடையுடன் தம்மைவிடப் பாரமானவர்களை இழுக்கும் வலிமை எங்கிருந்து வந்தது என்று தமக்கே தெரியவில்லை என்பதே அவர் பிற்காலத்தில் அளித்த விளக்கம். எத்தனை பேரை மீட்டார் என்ற எண்ணிக்கை கதையின் மையம் ஆவதை அவர் அனுமதித்ததில்லை.

மீட்க முடியாத ஒருவரைப் பற்றி மட்டும் அவர் விரிவாகப் பேசினார். அவரைப் போலவே மருத்துவ உதவியாளராக இருந்த நண்பர், வயிற்றில் பலத்த காயத்துடன் மணலில் கிடந்தார். ஷே கட்டுப்போட்டார், மார்ஃபின் செலுத்தினார். அதற்கு மேல் ஏதும் செய்ய இயலாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் அதே தொழிலைக் கற்றவர்கள் அல்லவா. ஒருவருக்கொருவர் விடை கூறிக்கொண்டனர். நண்பர் இறந்தார்.

அன்று மாலைக்குள் சுமார் 34,000 வீரர்கள் ஒமாஹாவில் இறங்கினர். இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என அந்த ஒரே கரையில் ஏறக்குறைய 2,400 பேரை அமெரிக்கா இழந்தது. ஐந்து கரைகளிலும் வான்வழியாகவும் இறங்கிய நேச நாட்டுப் படையினரில் அன்று ஒருநாளில் மட்டும் 4,414 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 2,501 பேர் அமெரிக்கர்கள்.

வாக்குரிமை இல்லாத குடிமகன்

ஷே, அமெரிக்காவின் வடகிழக்கே மெய்ன் மாநிலத்தில் வாழும் பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். பெனாப்ஸ்காட் ஆற்றின் நடுவே உள்ள அவர்களது ஊரின் பெயர் இந்தியன் ஐலண்டு. கொலம்பஸ் செய்த பிழையால் அம்மக்களுக்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் நெடுங்காலம் 'செவ்விந்தியர்' என்று எழுதினோம். தோல் நிறத்தைக் குறிக்கும் அச்சொல்லைத் தவிர்த்து, அமெரிக்கப் பூர்வகுடியினர் என்று சொல்வதே இன்று பொருத்தம்.

பூர்வகுடியினர் அனைவரையும் குடிமக்களாக ஏற்கும் அமெரிக்கச் சட்டம் 1924 ஜூன் 2-ஆம் தேதி கையெழுத்தானது. ஷே பிறந்தது அதே மாதம் 27-ஆம் தேதி. ஆயினும் வாக்குரிமையை முடிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தது. பூர்வகுடிக் குடியிருப்புகளில் வசிப்போர் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்க மெய்ன் மாநிலம் 1954-இல்தான் வழிசெய்தது; மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. ஷேவின் தாயார் புளோரன்ஸ் நிக்கோலர் ஷே அவ்வுரிமைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர். அவரது நான்கு மகன்கள் அந்தப் போரில் பணியாற்றினர். ஒமாஹாவில் தம்மை உயிரோடு காத்தது தாயின் பிரார்த்தனைகளே என்று ஷே நம்பினார்.

இரண்டாம் உலகப் போரில் சுமார் 44,000 அமெரிக்கப் பூர்வகுடியினர் பணியாற்றியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்போது அவர்களின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்கும் குறைவு. நார்மண்டியின் மற்றோர் அமெரிக்கக் கரையான யூட்டாவில் 13 கொமான்சி இன வீரர்கள் இறங்கினர். பள்ளியில் பேசினால் தண்டிக்கப்பட்ட தங்கள் தாய்மொழியையே, எதிரியால் உடைக்க முடியாத சங்கேத மொழியாக அவர்கள் பயன்படுத்தினர். டாங்கியைக் குறிக்கச் சொல் இல்லாததால் அதை 'ஆமை' என்றனர்; இயந்திரத் துப்பாக்கி 'தையல் இயந்திரம்' ஆயிற்று. அவர்கள் கரையிலிருந்து அனுப்பிய முதல் செய்திகளில் ஒன்றின் சாரம், நன்றாக இறங்கிவிட்டோம், ஆனால் இறங்கியது தவறான இடம் என்பதே. யூட்டாவில் நீரோட்டம் படகுகளைத் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளிவிட்டிருந்தது. அந்தத் தவறே அங்கு உயிரிழப்பைக் குறைத்தது.

ஒமாஹாவில் ஆற்றிய பணிக்காக ஷேவுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. போர் அவரை அதோடு விடவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக ஜெர்மனிக்குள் சென்ற அவர், 1945 மார்ச்சில் ரைன் நதிக்கு அப்பால் சிறைபிடிக்கப்பட்டு அடுத்த மாதம் விடுவிக்கப்பட்டார். ஊர் திரும்பியபோது வேலை கிடைக்கவில்லை. மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தார். வியன்னாவில் பணிபுரிந்தபோது ஆஸ்திரியப் பெண்ணான லில்லியை மணந்தார். கொரியப் போரிலும் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையில் வேலை செய்தார். இவ்வளவு காலத்திலும் ஒமாஹா பற்றிப் பேச்சில்லை.

நினைவு எவ்வளவு நம்பத்தக்கது?

பேசாதிருந்தவர் அவர் மட்டுமல்லர். போரிலிருந்து திரும்பிய அத்தலைமுறையில் பலரும் குடும்பத்தாரிடமே வாய்திறக்கவில்லை. பத்திரிகையாளர் கார்னீலியஸ் ரயன், அன்று பங்கேற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வினாத்தாள்கள் மூலம் தகவல் திரட்டி 1959-இல் நூல் வெளியிட்டார். 1998-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' திரைப்படம் ஒமாஹாவைத் திரையில் காட்டிய பின், முதியவர்கள் பலர் முதன்முறையாகப் பேச முன்வந்தனர். அப்போது நிகழ்வு நடந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

இவ்வளவு காலம் கடந்து வரும் நினைவுகளை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இருந்தவர் காண்பது தம்மைச் சுற்றிய சில மீட்டர்களையே. நேரமும் தூரமும் எண்ணிக்கையும் எளிதில் பிறழும். பின்னாளில் படித்ததும் பார்த்ததும் சொந்த நினைவுடன் கலந்துவிடும். ஒமாஹாவின் மேட்டில் இருந்த ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கி வீரர் ஹைன்ரிக் செவர்லோ, மிகப் பெரும் எண்ணிக்கையிலான அமெரிக்கர்களைத் தாம் ஒருவரே வீழ்த்தியதாகத் தமது நினைவுக் குறிப்புகளில் கூறினார். கரை முழுவதன் இழப்பையும் அருகில் வைத்துப் பார்க்கும்போது அது மிகைக்கணக்கு என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. 16-ஆவது படைப்பிரிவு இறங்கிய பகுதியில் புகைப்படம் எடுத்த ராபர்ட் காப்பாவின் படச்சுருள்கள் ஆய்வகத்தில் உருகிவிட்டன என்ற புகழ்பெற்ற கதையையும் அண்மை ஆய்வுகள் ஐயத்துக்குள்ளாக்கியுள்ளன.

ஷேவின் நினைவுகளுக்கு இவ்வகையில் ஒரு வலு உண்டு. கடலுக்குள் மீண்டும் மீண்டும் இறங்கிக் காயமடைந்தவர்களைக் கரைசேர்த்ததாக அவரது பதக்கத்துக்கான ராணுவப் பாராட்டுரையே பதிவு செய்துள்ளது. முதியவராக அவர் சொன்னதும், ராணுவம் அன்று எழுதி வைத்ததும் ஒத்துப்போகின்றன. அவர் சொல்லாமல் விட்டதே அதிகம் என்று தோன்றுகிறது.

யாரிடம் கேட்கப்பட்டது என்பதும் இதில் ஒரு கேள்வி. முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 25-ஆம் தேதி துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இறங்கிய அதே நாளில், இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் கோவேறு கழுதைகளுடன் அக்கரையில் இறங்கினர். அந்தப் போர்முனையில் பணியாற்றிய இந்தியர்கள் சுமார் 16,000 பேர். ஆஸ்திரேலியர்களின் நாட்குறிப்புகளும் நேர்காணல்களும் நூலகங்களை நிறைக்க, இந்தியர்களின் குரலாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளும் தணிக்கையில் சிக்கிய கடிதங்களுமே. 1971 டிசம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அருகே இந்தியக் கடற்படை கூர்க்கா வீரர்களைக் கரையிறக்க முயன்றபோது எதிரி சுடவில்லை. ஆனால் கரைக்கு முன்பிருந்த எதிர்பாராத ஆழத்தில் வீரர்கள் மூழ்கி உயிரிழந்தனர். அதைப் பற்றியும் கீழ்நிலை வீரர்களின் நேரடி வாக்குமூலங்கள் பொதுவெளியில் அரிது.

கரைக்குத் திரும்பியவர்

லில்லி 2003-இல் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 63 ஆண்டு இடைவெளியில் முதன்முறையாக ஷே ஒமாஹாவுக்குச் சென்றார். அதே ஆண்டு பிரான்ஸ் அரசு அவருக்குச் செவாலியர் விருதை வழங்கியது. அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் சென்றார். 2018-இல் நார்மண்டியிலேயே குடியேறினார். இறந்த தோழர்களின் அருகில் இருக்க விரும்பியதே அதற்குக் காரணம்.

மேட்டின் மீது, கொல்வில் என்ற ஊரில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். ஷே அங்கும் மணல்வெளியிலும் சேஜ் என்ற மூலிகை இலைகளைப் புகைத்து, கழுகிறகால் அப்புகையை விசிறி, தம் இனத்தின் முறைப்படி இறந்தோரை அழைத்துப் பேசுவார். செயின்ட் லாரன்ட் சூர் மேர் கிராமத்தில் கடலை நோக்கிய பூங்கா ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டு, 2017 ஜூனில் கருங்கல் ஆமைச் சிலை நிறுவப்பட்டது. வட அமெரிக்க நிலம் ஓர் ஆமையின் முதுகில் அமைந்தது என்பது அங்குள்ள பல பூர்வகுடியினரின் நம்பிக்கை.

கொரோனா பெருந்தொற்றால் 2020-இல் விழாக்கள் ரத்தாகி, வெளிநாடுகளிலிருந்து முன்னாள் வீரர்கள் வர முடியாமல் போயிற்று. வழக்கமாகப் பெருங்கூட்டம் கூடும் ஜூன் 6 அன்று, அருகிலேயே குடியிருந்த காரணத்தால் 95 வயதான ஷே ஒமாஹாவுக்கு வந்து சடங்கை நடத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, உக்ரைன் போர் தொடங்கிய ஆண்டில், அந்தச் சடங்குப் பொறுப்பை வளைகுடாப் போரில் பணியாற்றிய, கிரோ இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். ஐரோப்பாவில் மீண்டும் போர் நடப்பது பற்றி அப்போது செய்தியாளர்கள் கேட்டனர். தமக்கு அது மிகுந்த வருத்தம் தருவதாகவும், ஏன் நேர்ந்தது என்று புரியவில்லை என்றும் அவர் கூறினார்.